பேரில்லாத பேண்ட், 22,000 ரூபாய்: குன்னூரில் ரிசப்ஷனுக்கு ராக் பாட்டு வைத்த ஒரு அப்பாவின் அனுபவம்

முதலில் கணக்கு. பேசிய தொகை 22,000 ரூபாய். அட்வான்ஸ் 5,000, மீதி நிகழ்ச்சி முடிந்ததும் கையில். வண்டி வாடகை 1,800 தனி. நாலு பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு நம்ம பந்தியிலேயே. ஸ்பீக்கர், மைக், டிரம்ஸ் எல்லாம் அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். நாம் கொடுக்க வேண்டியது மேடை, கரண்ட், பக்கத்தில் ஒரு பிளாஸ்க் டீ. டீ இல்லையென்றால் பாட்டு அரை மணி தள்ளிப்போகும் என்று, எனக்கு முன்னால் இவர்களைக் கூப்பிட்ட ஒருவர் எச்சரித்திருந்தார். நான் இரண்டு பிளாஸ்க் வைத்தேன். அப்படியும் நாற்பது நிமிடம் தாமதம்.

போன தை மாதம் குன்னூரில் என் மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். கோயம்புத்தூரிலிருந்து லைட் மியூசிக் பார்ட்டி வரவழைக்கலாம் என்றேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். (அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்த முதல் விஷயம் அதுதான்.) பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு மட்டும் வாசிக்கிற நாலு பேர் உள்ளூரிலேயே இருக்கிறார்களாம், அவர்கள்தான் வேண்டுமாம். பணம் கட்டுகிறவன் நான். ஆளைப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

கிடார் வாசிக்கிறவர் வீடு கோத்தகிரி ரோட்டில், எஸ்டேட் லைன் வீடு. பகலில் டீ ஃபேக்டரி வேலை, நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தார். உள்ளே 15 வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. துணி இல்லை, நகை இல்லை, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை எல்பி ரெக்கார்டு. ஆடிச் சாரலில் நம் ஊரில் செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடுமே, அதற்குப் பயந்து வருஷம் முழுக்க பல்பு. அவர் மனைவியின் பட்டுப்புடவைகள் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

"பேண்டுக்குப் பேரு என்னங்க தம்பி? பத்திரிகையில போடணும்" என்றேன். பதில் சொல்லாமல் ஒரு ரெக்கார்டை உருவி என் மடியில் வைத்தார். அதன் அட்டையில், தாள் உரிந்த சுவரில் மாட்டிய ஒரு படம். படத்தில் ஒரு கிழவர், பெரிய விறகுக்கட்டை முதுகில் சுமந்து, குனிந்து நிற்கிறார். எங்கள் ஆயா சோலைக்காட்டிலிருந்து சுள்ளி பொறுக்கி வருவதைப் போலவே இருந்தது. முன்னட்டை, பின்னட்டை எதிலும் பேர் கிடையாது. லெட் செப்பெலின் என்கிற இங்கிலாந்து ராக் குழு 1971 நவம்பரில் போட்ட நாலாவது ஆல்பமாம். ஆல்பத்துக்கும் பெயர் வைக்கவில்லை, வாசித்தவர்கள் பெயரையும் அட்டையில் போடவில்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. "அவங்களுக்கே பேரு தேவைப்படலீங்க சார், எங்களுக்கு எதுக்கு?" என்றார். பத்திரிகையில் 'இன்னிசை' என்று மட்டும் போட்டோம்.

அன்றைக்கு ஒரு பாட்டும் கேட்க முடியவில்லை. ரெக்கார்டு பிளேயரின் ஊசி தேய்ந்துவிட்டதாம், மும்பையிலிருந்து வரவேண்டுமாம். எல்லநள்ளியில் ஊசிக்கென்றே தொழிற்சாலை நடக்கிற மாவட்டம் இது. தையல் ஊசி, பின்னல் ஊசி எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். பாட்டு ஊசிக்கு மட்டும் பம்பாய் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டே கேட்காமல் அந்த பல்பை நம்பித்தான் 5,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி நிகழ்ச்சி. ஆறு மணிக்கு மேடை ஏற வேண்டியவர்கள் ஐந்தே முக்காலுக்குத்தான் வண்டியிலிருந்து சாமான் இறக்கினார்கள். பாடுகிற பெண் நர்ஸ், டூட்டி முடித்து நேராக வந்தவர். சர்ச் கொயரில் பாடிப் பழகியவர். டிரம்ஸ் பையனுக்கு மேடையே வேண்டாமாம், பந்திக்கு ஏறுகிற மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டான். மேற்படி நாலாவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு ஜான் போனம் என்பவர் இங்கிலாந்தில் பழைய பங்களா ஒன்றின் நடையில், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அடித்தாராம். மைக்கை மேல்படியிலிருந்து தொங்கவிட்டார்களாம். ஹெட்லி கிரேஞ்ச் என்று அந்த பங்களாவின் பெயரையே சொன்னான். "தம்பி, சாப்பிடப் போறவங்க எப்படிப் போவாங்க?" என்றேன். முகம் வாடிவிட்டது.

வாசிக்க ஆரம்பித்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கிடார்க்காரர் தன் ஒயர்களையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் இருந்தவன், சும்மா உட்கார முடியவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மேடைப் பாயிண்டில் எர்த் ஒயரே இல்லை. மேடை அலங்காரக்காரர் சீரியல் லைட்டையும் அதிலேயே சொருகியிருந்தார். வோல்டேஜ் 190ஐத் தாண்டவில்லை. லைட்டை வேறு பாயிண்டுக்கு மாற்றி, எர்த் கொடுத்து, வீட்டிலிருந்து ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைத் தூக்கி வரச் சொன்னேன். இரைச்சல் நின்றது. இவர்களைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு எலெக்ட்ரீஷியனை முன்கூட்டியே மண்டபத்துக்கு அனுப்புங்கள். இது அவர்கள் குறை இல்லை, ஆனால் முன்னாலேயே வந்து பார்த்திருக்கலாம். குளிரில் கம்பி இறுகி சுருதி ஏறிவிட்டது என்று அதைச் சரிசெய்ய இன்னும் பத்து நிமிடம். கிடாரைக் கம்பளியில் சுற்றித்தான் கொண்டுவந்திருந்தார், அப்படியும்.

மணமக்கள் நுழைவுக்கு அலங்காரக்காரர் புகை மெஷின் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் நாலு பேர் முகத்திலும் வந்த சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை. புகை கிளம்பியதும் கிடாரில் 'ட டட் டா, ட டட் ட டா' என்று ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. தண்ணீர் மேல் புகை! 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மாந்த்ரூவில், ஃபிராங்க் ஸப்பா கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் ஒருவன் வாணத்தைக் கொளுத்திவிட, அந்தக் கட்டடமே எரிந்து புகை ஜெனீவா ஏரி மேல் படர்ந்தது. அங்கே பாட்டுப் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் ஆட்கள் அதைப் பார்த்து எழுதியது. வேறொரு ஹாலுக்குப் போய் இதைப் பதிவு செய்தால் அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்து போலீஸ் வந்துவிட்டது. டேக் முடிகிற வரை உதவியாளர்கள் கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? மைக்கில் சொன்னார்கள். இதுதான் என் முதல் புகார். நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு நிமிடப் பேச்சு. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நிற்க, வரிசை வாசல் வரைக்கும் நீள, கிடார்க்காரர் ஜெனீவா ஏரியில் நிற்கிறார். 25 பாட்டு என்று பேசினோம், எண்ணிப் பார்த்தேன், 17தான் வந்தது.

இரண்டாவது புகார் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. இன்றுவரை தீரவில்லை. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' என்ற ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டை, ஆல்பத்தில் இருக்கிற வரிசையிலேயே வாசிக்கப்போவதாக அறிவித்தார்கள். 1973இல் வந்த ஆல்பம். 1988 வரை 741 வாரம் அமெரிக்காவின் முதல் 200 ஆல்பங்களுக்குள் இருந்ததாம். அட்டையில் ஒரு பட்டகம், ஒரு பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து மறுபக்கம் நிறமாகப் பிரியும். அதில் ஆறு நிறம்தான் இருக்கிறது, ஏழு இல்லை என்று ஃபிசிக்ஸ் டீச்சரான என் மகள் மேடையிலிருந்தே சொன்னாள். சரி, அது போகட்டும்.

முதல் பாட்டில் வார்த்தையே இல்லை. அந்த நர்ஸ் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குரல் எடுத்தார். மேலே போய், உடைந்து, இறங்கி, விசும்பி, மறுபடி ஏறி. பந்தியில் இலை போடுகிற சத்தம்கூட நின்றது. என் அத்தைக்கு 84 வயது. எங்கள் ஊர்ப் பக்கம் சாவு விழுந்தால் ஒப்பாரி எடுத்துக்கொடுப்பது அவர்தான். என் கையைப் பிடித்து இழுத்து, "இந்தப் புள்ளைக்கு யாரு செத்தது?" என்றார்.

"யாரும் இல்ல அத்தை, பாட்டு அது."

"வார்த்தை இல்லாட்டியும் இழுப்பு சரியாத்தான் இருக்குது. மூச்சை எங்க விடறதுன்னு தெரிஞ்சு அழுவுது."

இது என் மனைவி காதில் விழுந்துவிட்டது. கல்யாண வீட்டில், அதுவும் முகூர்த்தத்துக்கு முதல் நாள், காசு கொடுத்து ஒப்பாரி வைத்த ஒரே ஆள் நான்தானாம். விசாரித்ததில் அத்தை சொன்னது தப்பே இல்லை, அது சாவைப் பற்றிய பாட்டுதான். அசல் ரெக்கார்டில் அதைப் பாடிய கிளேர் டோரிக்கு அன்றைக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. அந்த மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் வழக்குப் போட்டு, 2005இல்தான் பாட்டில் அவர் பெயரும் சேர்ந்தது. இதை மேடையில் சொன்ன நர்ஸ் பெண், "அதனாலதான் நாங்க மீதிப் பணத்த அன்னிக்கே வாங்கிடறது" என்று என்னைப் பார்த்தார். மண்டபமே சிரித்தது.

அந்தப் பாட்டு முடிந்ததும் பத்து விநாடி மௌனம். ரிப்பேரா என்று எழுந்தேன். "ஒண்ணும் இல்லீங்க சார், இங்க ரெக்கார்டைத் திருப்பிப் போடணும்" என்றார் கிடார்க்காரர். முதல் பக்கம் அதோடு முடிகிறதாம். திருப்பிப் போடுகிற நேரம்கூட விட்டுத்தான் வாசிப்பார்களாம்! பைத்தியம்தான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்தது 'மணி', பணத்தைப் பற்றிய பாட்டு. அசலில் காசு கொட்டுகிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி சத்தம் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி ஒட்டி, சுற்றவிட்டார்களாம். இவர்களிடம் டேப் இல்லை. எங்கள் சமையல்கட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கு ஒன்றை வாங்கி, சில்லறை போட்டு, டிரம்ஸ் பையன் குலுக்கினான். வாசல் பக்கம் மொய் எழுதும் மேஜையில் என் மைத்துனர் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, யாரோ மொய்க் காசைக் கொட்டிவிட்டார்கள் என்று மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் முகூர்த்தத்துக்குக் காரமடையிலிருந்து வந்த மேளக்காரர்கள் அன்று ராத்திரியே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தவில்காரர் அதுவரை தூங்கி வழிந்தார். இந்தப் பாட்டு தொடங்கி ஐந்தாறு சுற்றில் கண் திறந்தது. கை தொடைக்குப் போனது. தகிட தகதிமி, தகிட தகதிமி. "மிஸ்ர சாபுங்க இது! ஏழு!" என்று பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரரை எழுப்பினார். பாட்டின் நடுவில் கிடார் தனியாகப் போகிற இடத்தில் தாளம் நாலுக்கு மாறுகிறது. அங்கே அவர் கை ஒரு விநாடி அந்தரத்தில் நின்றது. பிறகு அதையும் பிடித்துக்கொண்டார். திரும்ப ஏழுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் காலைத் தொட்டான். இருவரும் அரை மணி நேரம் மாடிப்படி அடியில் உட்கார்ந்து, ஒருவர் தொடையிலும் மற்றவன் நாற்காலியிலுமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பையனுக்கு அந்த மாடிப்படி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அரை மணி மேடையில் டிரம்ஸ் இல்லை. அதற்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தேன்?

எட்டரை மணிக்கு சம்பந்தி வந்தார். ஈரோட்டுக்காரர், மரியாதைப்பட்டவர், பொறுமை மட்டும் கொஞ்சம் கம்மி. "ஏனுங்க, ராஜா சார் பாட்டு ஒண்ணே ஒண்ணு பாடச் சொல்லுங்க. எங்க பக்கத்து ஆளுங்க எந்திரிச்சுப் போறாங்க." போய்ச் சொன்னேன். கிடார்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பாட்டைத் தப்பாக வாசிக்கிற பாவம் வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் வெள்ளைக்காரன் பாட்டைத் தப்பாக வாசிக்கலாமா?

காப்பாற்றியது பேஸ் கிடார் பையன். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன். பாட்டு வேண்டாம், பேஸ் மட்டும் வாசிக்கிறேன், எந்தப் பாட்டு என்று நீங்கள் கண்டுபிடியுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு ஆரம்பித்தான். தடித்த கம்பியில் இரண்டு வரி. ஈரோட்டுக் கூட்டம் மூன்றாவது வரிக்குள் பாட்டைப் பிடித்துப் பாடியே விட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. சம்பந்தி ஒரு பாட்டை இரண்டே அடியில் கண்டுபிடித்து, அதற்காக இன்னொரு பாயசம் வாங்கிக்கொண்டார். அந்தப் பையன் ஒன்பது பாட்டு வாசித்தான், ஒன்றைக்கூட அவன் பாடவில்லை, மண்டபம் பாடியது. போட்டோ வரிசையில் நின்றவர்களும் பாடினார்கள். இதை ஏன் ஆறு மணிக்கே செய்யவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

'ஹோட்டல் கலிஃபோர்னியா' சுமார்தான். கடைசியில் இரண்டு கிடார் பேசிக்கொள்கிற இடத்துக்கு இவர்களிடம் ஒரு கிடார்தான் இருக்கிறது, இன்னொன்றைக் கீபோர்டில் சமாளித்தார்கள். மற்றபடி பீட்டில்ஸ் இரண்டு, குயின் ஒன்று. குயினின் ஃப்ரெடி மெர்க்குரி நம்மைப் போலவே மலைக்காற்றில் வளர்ந்தவர், பஞ்சகனி போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று ஒரு பேச்சு. அதற்குள் நான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்து மேனேஜர் வந்தார். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, சட்டம் அது. மாப்பிள்ளையின் நண்பர்கள் அவரை வாசலிலேயே மடக்கி, பாயசத்தில் போட்டது இளநீரா தேங்காய்ப் பாலா என்று தீவிரமாக விசாரித்தார்கள். கடைசிப் பாட்டு 9.59க்கு முடிந்தது.

எல்லாரும் போன பிறகு கடைசிப் பந்தியில் கிடார்க்காரர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எர்த் ஒயர் மாட்டும்போதே என் கையைப் பார்த்திருக்கிறார். என் இடது ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை, 1994இல் பிரஸ்ஸில் போனது. மெதுவாக ஒரு கதை சொன்னார். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்ஹாமில் தகரம் அடிக்கிற தொழிற்சாலையில் இருந்தார். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளன்று மெஷின் வலது கையில் இரண்டு விரல் நுனியை வாங்கிக்கொண்டது. அவர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். இனி கிடார் இல்லை என்று வீட்டில் முடங்கிக் கிடந்தவரிடம், அவருடைய ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டை எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்கிற கிடார்க்காரர், தீ விபத்தில் கை கருகி, இரண்டே விரலால் அத்தனையும் வாசித்தவர். அதைக் கேட்டுவிட்டு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி போட்டு, பிறகு கம்பியையும் தளர்த்திக் கட்டி வாசித்தார். அந்தக் கனத்த சத்தத்தில் தளர்ந்த கம்பிக்கும் பங்கு உண்டு.

இதை அவர் மைக்கில் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பேசியதிலேயே நான் முழுக்கக் கேட்டது இதைத்தான்.

நானும் ஒன்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தேன். என் ஷிஃப்டில் இரண்டு பேருக்கு விரல் போனது. பார்க்கப் போகும்போது ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இவர்கள் கச்சேரிக்காரர்கள் இல்லை, ரசிகர்கள். ரெக்கார்டு கேட்டுக் கேட்டு அடங்காமல் கையில் வாத்தியம் எடுத்தவர்கள். 400 பேர் வருகிற ரிசப்ஷனுக்கு இவர்கள் சரிப்பட மாட்டார்கள். ஐம்பது அறுபது பேர், நாற்காலியை வட்டமாகப் போட்டு, பேச்சையும் சேர்த்துக் கேட்கிற மாதிரி ஒரு சாயங்காலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு நான் கூப்பிடுவதாக இருக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

போன் நம்பர் போடவில்லை, கேட்காமல் போடுவது சரியில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த மைக்செட் கடையிலும் "பழைய இங்கிலீஷ் பாட்டுப் பசங்க" என்றால் காட்டிவிடுவார்கள். வெளியூர் விருந்தாளிகளை, வண்டி மலையேறுவதற்கான இ-பாஸ் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், எங்கள் பக்கத்து இரண்டு வண்டி அடிவாரத்தில் கல்லாரில் அரை மணி நின்றது.

அரை மதிப்பெண் குறைத்தது தூக்குக்காக. டிரம்ஸ் மூட்டையோடு அதுவும் போய்விட்டது, மனைவியின் சீர்த் தூக்கு. தம்பி, இதைப் படித்தால் கொண்டுவந்து கொடுத்துவிடு. மூடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.